கட்டில் முந்தியா, மெத்தை முந்தியா? திருத்தணி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மனித ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு படுக்கையில் கழிகிறது என்று மெத்தை விளம்பரங்கள் ஓயாமல் சொல்கின்றன. அந்த மூன்றில் ஒரு பங்கை எது தாங்குகிறது என்பதை மட்டும் அவை சொல்வதில்லை. முனைவர் பட்டத்துக்கே உரிய கேள்வி இது. ஆனால் எந்தத் துறையும் இதைத் தன்னுடையது என்று ஏற்காது. இயற்பியல் துறை இதைத் தச்சுவேலை என்று ஒதுக்கும். தமிழ்த் துறை வணிகவியல் என்று தள்ளிவிடும். வணிகவியல் துறை தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று கேட்கும். ஆகவே துறை எதையும் சாராத இவ்வாய்வு தன் கருதுகோளை முதலிலேயே வைத்துவிடுகிறது: மெத்தையின் ஆயுளைத் தீர்மானிப்பது மெத்தைக்கு அடியில் இருப்பது. எனவே முதலில் கட்டிலைத் தேர்ந்து, பிறகுதான் மெத்தையைத் தேர வேண்டும். இதை மறுத்து, நல்ல மெத்தை எதன்மேல் போட்டாலும் நல்ல மெத்தையே என்று வாதிடுவோரை இக்கட்டுரை மெத்தைவாதிகள் என்று குறிக்கும். அவர்கள் எண்ணிக்கையில் மிகப் பெரும்பான்மையோர். தமிழ்நாட்டின் பெரும்பாலான படுக்கையறைகள் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

ஆய்வுக்களமாகத் திருத்தணியைத் தேர்ந்ததற்குத் தக்க காரணங்கள் உண்டு. மலைமேல் இருக்கும் முருகன் கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒன்று என்பது வழக்கு. ஒவ்வோராண்டும் டிசம்பர் 31 அன்று அங்கே படித் திருவிழா நடக்கிறது. படிகளுக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டுக் கற்பூரம் ஏற்றி, பஜனைக் குழுக்கள் திருப்புகழ் பாடிக்கொண்டே மேலேறுகின்றன. பூசை காலால் மிதிக்கப்படும் கல்லுக்கு என்பதை ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும். அடியில் இருந்து தாங்குவதற்கு மரியாதை செய்துவிட்டுத்தான் மேலே இருப்பவனைப் பார்க்கப் போக வேண்டும் என்ற கோட்பாடு அந்த ஊரில் ஏற்கெனவே நிலைபெற்றிருக்கிறது. அதை இன்னும் யாரும் படுக்கையறைக்குள் கொண்டுபோகவில்லை, அவ்வளவே. இன்னொன்று: சூரபதுமனோடு நடந்த போருக்குப் பின் முருகனின் சினம் தணிந்த இடம் இது என்பது தலவரலாறு. அதனால் கந்த சஷ்டியில் மற்ற முருகன் தலங்களில் நடக்கும் சூரசம்ஹாரம் இங்கே கிடையாது, மலரால் அர்ச்சனைதான். போரை முடித்துவிட்டு ஓய்வுக்கு வந்த கடவுளின் ஊரில் ஓய்வின் கருவிகளை ஆராய்வது பொருத்தமே.

அரசியல் வரலாறும் நம் கருதுகோளின் பக்கமே நிற்கிறது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போயிற்று. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், நடுவர் படாஸ்கரின் பரிந்துரை, நாடாளுமன்றத்தின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றைத் தாண்டி, 1960 ஏப்ரல் 1 அன்று மீண்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தது. இடைப்பட்ட ஆறரை ஆண்டுகளில் ஊர் ஓரங்குலமும் நகரவில்லை. கட்டில் அதே இடத்தில் கிடக்க, மேலே விரித்த விரிப்பை இரண்டு முறை மாற்றினார்கள் என்பதுதான் நடந்தது. போராடியவர்களும் விரிப்பின் நிறத்தைப் பற்றிச் சண்டையிடவில்லை. கீழே இருந்த நிலத்தைத்தான் கேட்டார்கள். ம.பொ.சி. அறிந்தோ அறியாமலோ கட்டில்வாதி.

இனி இலக்கியச் சான்றுகளுக்கு வருவோம். பத்துப்பாட்டில் உள்ள நெடுநல்வாடை 188 அடிகள் கொண்டது. பாண்டியன் போர்க்களத்தில் இருக்க, அரண்மனையில் அவன் தேவி படுத்திருக்கும் கட்டில் அதில் விரிவாக வருணிக்கப்படுகிறது. வருணனையின் வரிசையைப் பாருங்கள். முதலில் வருவது கட்டிலின் தந்தக் கால். அதுவும் ஏதோ ஒரு யானையின் தந்தம் இல்லை. நாற்பது வயது நிறைந்த, போரில் விழுந்த யானையின் தந்தம். மூலப்பொருளின் வயதைக் கேட்டு வாங்கும் நுகர்வோர் விழிப்புணர்வு அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது. அடுத்து அந்தத் தந்தத்தைச் செதுக்கிய தச்சனின் திறம், பிறகு கட்டிலின் அளவு, அலங்காரம். இவ்வளவும் முடிந்த பின்னர்தான் மெத்தைக்கும், அன்னத்தின் மென்தூவிக்கும், கடைசியில் கஞ்சியிட்டு வெளுத்த விரிப்புக்கும் புலவர் வருகிறார். கால், சட்டம், மெத்தை, விரிப்பு என்ற இந்த வரிசையில் ஒரு பொருளையும் இடம் மாற்ற முடியாது. பாடியவர் நக்கீரர். திருமுருகாற்றுப்படையைப் பாடியவர் பெயரும் நக்கீரரே. அந்நூலின் குன்றுதோறாடல் பகுதிக்குரிய தலமாகத் திருத்தணியைச் சொல்வது மரபு. இரண்டையும் பாடியவர் ஒருவர்தானா, இருவரா என்பது தமிழறிஞர்களிடையே நெடுநாள் வழக்கு. ஒருவர் என்று தீர்ப்பானால் கட்டில் சாத்திரத்தின் முதல் ஆசிரியர் நம் ஊருக்கு வேண்டியவர் ஆகிறார். இருவர் என்றாலும் கட்டிலுக்கு நட்டமில்லை.

மெத்தைவாதிகள் இங்கே ஒரு தடையை எழுப்பக்கூடும். அத்தனை சிறந்த கட்டிலில், அத்தனை சிறந்த மெத்தையில் படுத்திருந்தும் அரசிக்குத் தூக்கம் வரவில்லை, கண்ணீரோடு விழித்திருந்தாள், பாசறையில் அரசனும் நள்ளிரவில் தூங்காமல், புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு திரிந்தான், ஆகவே கட்டிலின் பெருமை வீண் என்பர். இந்தத் தடை வலுவானதுபோலத் தோன்றும், ஆனால் நிற்காது. நம் ஆய்வுப் பொருள் மெத்தை எத்தனை காலம் உழைக்கும் என்பதே. படுப்பவர் எத்தனை நேரம் தூங்குவார் என்பது வேறு துறை. கணவன் ஊரில் இல்லாத வீட்டில் மெத்தை குழி விழவில்லை என்றால், அது இரண்டு தரப்புக்குமே சான்றாகாது.

புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டு தரும் சான்று இன்னும் கூர்மையானது. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில் வீரமுரசை நீராட்ட எடுத்துச் சென்றிருந்தார்கள். மலர் பரப்பிய முரசுக்கட்டில் காலியாகக் கிடந்தது. களைத்து வந்த புலவர் மோசிகீரனார் அது இன்னதென்று அறியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். வாளோடு வந்த அரசன் அந்தக் குற்றத்துக்கு வெட்ட வேண்டியவன், வாளை விட்டு விசிறி எடுத்து வீசினான். புலவரின் தமிழுக்கு அரசன் தந்த மரியாதை என்று உரையாசிரியர்கள் இதைக் கொண்டாடுவர். நாம் கேட்பது வேறு. அங்கே மெத்தை எங்கே? எண்ணெய் நுரைபோல மென்மையான மலர்ப் பரப்பு மட்டும்தான். முரசின் எடையைத் தாங்கும்படி செய்த உறுதியான, தொய்யாத தளத்தின் மேல் ஒரு பூவிரிப்புப் போதும், அரசன் வாளோடு வந்து நிற்பது தெரியாத அளவுக்கு ஆள் தூங்கலாம் என்பது நிறுவப்படுகிறது. இதன் மறுதலையான சோதனையை, அதாவது உயர்ந்த மெத்தையை உறுதியற்ற தளத்தில் போட்டுப் பார்ப்பதை, நம் சமகாலத்தவர் வீடுதோறும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சோதனைகளில் முதலிடம் நாடாக் கட்டிலுக்கு. நாடாக் கட்டில் தன்னளவில் குற்றமற்ற கருவி. கோடையில் தமிழ்நாட்டில் வெயில் சதமடித்த ஊர்களின் பட்டியலில் வேலூரோடு திருத்தணியின் பெயரும் அடிக்கடி வரும். அப்படிப்பட்ட ஊரில் இரவுக் காற்று கீழிருந்தும் வரும்படி ஒருவர் படுக்க வேண்டுமென்றால் நாடாவை மிஞ்ச ஒன்றுமில்லை. கயிற்றுக் கட்டிலும் அப்படியே. தொய்ந்தால் கால்மாட்டில் இருக்கும் கயிற்றை இழுத்துக் கட்டி மீண்டும் விறைப்பாக்கலாம். இவையெல்லாம் மெத்தையும் கட்டிலும் ஒன்றேயான பொருள்கள். இவற்றின் மேல் இன்னொரு மெத்தையைப் போடுவது தலைப்பாகைக்கு மேல் தொப்பி வைப்பதாகும். நடப்பதோ அதுதான். 1962இல் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயரால் கர்லான் என்றே நம் வீடுகளில் எல்லா நார் மெத்தைகளுக்கும் பெயராகிவிட்டது. அது தேங்காய் நாரைச் சுருட்டி, ரப்பர் பாலால் ஒன்றோடொன்று ஒட்டவைத்த அட்டை. சமதளத்தில் அது கல்போல் கிடந்து பல ஆண்டு உழைக்கும். தொய்ந்த நாடாவின் மேல் போட்டால் இரவுதோறும் நடுவில் வளையும். வளைய வளைய நார்களுக்கிடையே உள்ள ரப்பர் ஒட்டு விடும். கட்டிலுக்கடியில் பழுப்பு நிறத் தூள் கொட்டத் தொடங்கும். காலையில் கூட்டிப் பெருக்கும்போது அந்தத் தூளைக் கண்டு, மெத்தை மட்டம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பது மெத்தைவாதிகளின் முடிவு. சாட்சி தரையில் கிடக்கக் குற்றவாளியை மேலே தேடுகிறார்கள்.

இதற்கு அஞ்சிப் பலகைக்குப் போகிறவர்கள் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். ஒட்டுப்பலகை சமமாக இருக்கும், தொய்யாது, ஆனால் மூச்சுவிடாது. உடலிலிருந்து இறங்கும் வியர்வை ஈரம் மெத்தையின் அடிப்பக்கத்தில் தேங்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள் மெத்தையைப் புரட்டினால் அடியில் கரும்புள்ளிகள் தெரியும். இலவம் பஞ்சுக்கு இது இன்னும் கேடு. போடிநாயக்கனூர்ப் பக்கமிருந்து வரும் இந்தப் பஞ்சின் இழை உள்ளே குழலாக இருந்து காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே மெழுகுப் பூச்சு உண்டு. அதனால்தான் நூற்க உதவாது, மிதக்க உதவும். செயற்கைப் பொருள்கள் வருமுன் கப்பல்களின் உயிர்காப்புச் சட்டைகளில் இதைத்தான் அடைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜாவா ஜப்பானியர் கையில் விழுந்து வரத்து நின்றபோது, அமெரிக்கா எருக்கின் இனத்துச் செடியொன்றின் பஞ்சைப் பள்ளிப் பிள்ளைகளை விட்டுப் பொறுக்க வைத்தது. கடலில் ஆளைத் தாங்கிய பஞ்சு, மூடிய பலகையின் மேல் வெயில் காணாமல் ஓராண்டு கிடந்தால் கட்டி கட்டியாகிவிடுகிறது. வெயிலில் போட்டு அடித்தால் ஓரளவு எழும். பிரித்துக் கொட்டி மறுபடி தைத்தால் இன்னும் எழும். ஆந்திரப் பக்கம் தூதேகுல என்ற சமூகத்துக்குப் பஞ்சு கொட்டுவதே பரம்பரைத் தொழில். வில்லின் நாண் ஒலியோடு தெருவுக்குள் பஞ்சு கொட்ட வருபவர்கள் இன்று அரிதாகிவிட்டதால், இலவம் பஞ்சு மெத்தை வைத்திருப்போர் பலகையில் நாலு அங்குலத்துக்கு ஒரு துளை போடுவது தவிர வேறு வழியில்லை. துளை போடத் தச்சருக்கு ஆகும் கூலி, புது மெத்தை விலைக்கு முன் ஒன்றுமில்லை.

ரீப்பர் அடித்த கட்டில் இரண்டுக்கும் நடுவழி. சட்டத்துக்குக் குறுக்கே மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடிப்பதால் காற்றும் வரும், சமமாகவும் இருக்கும். ஆனால் மரத்தை மிச்சம் பிடிக்க ஆசாரி ஐந்தங்குலத்துக்கு ஒரு ரீப்பர் என்று அடித்துவிட்டால், ஃபோம் மெத்தை அந்த இடைவெளிகளில் பிதுங்கி இறங்கி, அடிப்பக்கம் வரிவரியாகிவிடும். இடைவெளி மூன்றங்குலத்தைத் தாண்டக் கூடாது; ஐந்தடிக்கு மேல் அகலமென்றால் நடுவில் ஒரு கால் கட்டாயம். நடுக்கால் இல்லாத அகலக் கட்டில் வெளியில் பார்க்க ராஜாவாகவும் உள்ளே ஊஞ்சலாகவும் இருக்கும்.

மெத்தைவாதிகளின் வலுவான ஆயுதம் டென்சிட்டி. கடையில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று சொல்வார்கள். வாங்குபவர் தலையாட்டிவிட்டு உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார். ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பதே அந்த எண். அது கடினத்தின் அளவு அன்று. எடை கூடக் கூட அதே இடத்தில் பொருள் அதிகம், ஆகவே சோர்வது தாமதம். உள்ளங்கைச் சோதனை மென்மையை மட்டுமே சொல்லும், ஆயுளைச் சொல்லாது. மருமகனைக் கைகுலுக்கித் தேர்ந்தெடுப்பது போலத்தான் என்று ஒரு உவமை சொல்ல ஆசையாக இருந்தாலும் ஆய்வு நெறி தடுக்கிறது. எடைபோடுவதே சரியான சோதனை. 75 அங்குல நீளம், 60 அங்குல அகலம், 5 அங்குலக் கனமுள்ள மெத்தையின் பருமன் ஏறக்குறைய 0.37 கன மீட்டர். முழுக்க 40 டென்சிட்டி ஃபோம் என்றால் 15 கிலோவுக்கு நெருங்கி நிற்க வேண்டும். 32 என்றால் 12 கிலோ. பக்கத்து அரிசிக் கடைத் தராசு போதும். டென்சிட்டிக்கு நாம் பகை இல்லை. ஆனால் 40 டென்சிட்டியும் தொய்ந்த தளத்தின் மேல் தொய்ந்துதான் கிடக்கும். ஐரோப்பாவில் ஈ.என். 1957 என்றொரு தரநிலை உண்டு (1957 அதன் எண், ஆண்டு அன்று). 1400 நியூட்டன் விசையோடு, அதாவது சுமார் 140 கிலோ எடையோடு, ஓர் உருளையை மெத்தையின் மேல் 30,000 முறை உருட்டி, உயரமும் கடினமும் எவ்வளவு குறைந்தன என்று அளப்பார்கள். நல்ல சோதனைதான். ஆனால் அந்த உருளை தினமும் மெத்தையின் ஒரே ஓரத்தில் உட்கார்ந்து செருப்பு மாட்டுவதில்லை. கோடை விடுமுறைக்கு வந்து மெத்தைமேல் ஏறிக் குதிப்பதுமில்லை.

இரண்டாம் தடை பெரியவர்களிடமிருந்து வரும். ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி எடுத்து வருபவர்கள் மண்டபத்துக் கல்தரையில் துண்டை விரித்து நிம்மதியாகத் தூங்குகிறார்களே, மெத்தையே எதற்கு என்பார்கள். இது தடைபோல வந்தாலும் நமக்கு ஆதரவு. கல்தரை தொய்யாது, வளையாது, சத்தம் போடாது. தளங்களில் அது உச்சம். அதன்மேல் ஒரு கோரைப் பாய் போதுமென்பதும் மெய். இடுப்பும் தோளும் ஒத்துழைக்கும் வயதுவரை அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. அந்த வயது தாண்டியவர்களிடம் மூன்றாம் தடை வருகிறது: முதுகுவலிக்கு மருத்துவர் கட்டாந்தரையில், அல்லது பலகையில் படுக்கச் சொன்னார் என்பது. ஸ்பெயினில் நாட்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்குக் கடினமான மெத்தையும் மறுசாராருக்கு நடுத்தரக் கடினமுள்ள மெத்தையும் கொடுத்து, 90 நாள் கழித்துப் பார்த்தார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்கே வலி குறைவு என்று 2003இல் லான்செட் இதழில் முடிவு வெளியாயிற்று. ஆகவே கடினம் தளத்துக்கு, இளக்கம் மெத்தைக்கு என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பதே முறை. இரண்டையும் ஒன்றிடமே கேட்பதால்தான் மெத்தை பலகையாகவோ பள்ளமாகவோ முடிகிறது.

நான்காவது, உத்தரவாதம். பத்தாண்டு உத்தரவாதம் இருக்கும்போது தளத்தைப் பற்றி என்ன கவலை என்று கேட்பவர்கள், அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். பொருத்தமான, சமமான தளத்தின் மேல் மெத்தையைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பல நிறுவனங்கள் அங்கே வைத்திருக்கின்றன. முன்பக்கத்தில் மெத்தைவாதம் பேசும் நிறுவனமே பின்பக்கத்தில் நம் கட்சிக்கு வந்துவிடுகிறது. நாடாக் கட்டிலில் போட்டுவிட்டுப் பத்தாண்டு காத்திருப்பவர் இலவு காத்த கிளி.

எல்லாத் தடைகளையும் விடப் பெரிய தடை, யாரும் வாயால் சொல்லாத ஒன்று: சீர்வரிசை. முகூர்த்த நாள்களில் திருத்தணி மலையில் அதிகாலை முதல் கல்யாணக் கூட்டம் நெருக்கும். அந்தக் கல்யாணங்களில் எத்தனையோவற்றுக்குக் கட்டிலும் மெத்தையும் பீரோவும் பெண் வீட்டிலிருந்து வண்டியேறுகின்றன. அவற்றைத் தேர்ந்தவர் அவற்றில் படுக்கப் போவதில்லை. படுக்கப் போகிறவர் தேரவில்லை. சபையில் பார்வைக்கு வைக்கப்படுவதால் பணம் முழுவதும் தலைமாட்டுப் பலகைக்குப் போகிறது. அங்கே மயில் தோகை விரிக்கிறது, அன்னம் அன்னத்தைப் பார்க்கிறது, நடுவில் கண்ணாடிகூடப் பதித்திருக்கிறார்கள். மெத்தைக்கு அடியில் இருப்பதோ விரலால் தட்டினால் பறை ஒலி எழுப்பும் மெல்லிய பலகை. சீர் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டார் ஒருவராவது குனிந்து கட்டிலின் அடிவயிற்றைப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தினால், இந்த நாட்டின் மெத்தைகளின் சராசரி ஆயுள் கூடும் என்பது இவ்வாய்வின் பணிவான துணிபு. கூடவே, மெத்தையோடு வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் பழசாகிவிடும் என்று அப்படியே வைத்துப் படுக்கும் பழக்கமும் ஒழிய வேண்டும். திருத்தணி வெயிலில் அந்த உறை, அத்தனை செலவு செய்து வாங்கிய இலவம் பஞ்சையும் ஃபோமையும் ஒரே வேகத்தில் புழுங்க வைக்கிறது. புரண்டு படுத்தால் எழுப்பும் சரசரப்பு அடுத்த அறைவரை கேட்கிறது.

கடைசியாக இன்னொரு தலச் சான்று: திருவள்ளூரில் வீரராகவப் பெருமாளாகப் பள்ளிகொண்டிருப்பவர், சாலிஹோத்திர முனிவரின் குடிலுக்கு முதியவராக வந்து உண்டுவிட்டு, எந்த இடத்தில் படுப்பது என்று கேட்டார் என்கிறது தலவரலாறு. எதன்மேல் என்று கேட்டிருந்தால் மெத்தைவாதிகள் வென்றிருப்பார்கள். அவர் இடத்தைத்தான் கேட்டார். படுக்கை அவரிடம் ஏற்கெனவே இருந்தது, ஐந்து தலையோடு.

ஆகவே வாசகர்களே, மெத்தைக் கடைக்குப் போகுமுன் வீட்டுக் கட்டிலின் நடுவில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். அது கீழே இறங்கினால் முதலில் ஆசாரியைக் கூப்பிடுங்கள். இறங்காவிட்டால், அளவுநாடாவை எடுத்துச் சட்டத்தின் உள்நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உள்ளூர்த் தச்சர்கள் ஆறேகால் அடிக்கு, அதாவது 75 அங்குலத்துக்குச் செய்கிறார்கள்; கம்பெனி மெத்தைகள் 72, 75, 78 என்று மூன்று நீளத்தில் வருகின்றன. 78 வாங்கி வந்தால் கடைசி மூன்றங்குலம் மயிலின் மேல் ஏறி நிற்கும். பிரித்த மெத்தையைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.